நீர்த்தெள்ளு

நீர்த்தெள்ளு வளர்ப்பது என் வேலை.
டண்டீ நகரத்து மேட்டுப் பள்ளியில்,
ஆய்வகத்துப் பின்னறையில் மூன்று தொட்டி,
ஈஸ்ட் கரைத்த கலங்கல் தண்ணீர்.
ஜன்னலுக்கு வெளியே டே ஆறு.
அதன் நீளப் பாலத்தில் ஒரு ரயில்
போவதா வேண்டாமா என்பதுபோல் ஊரும்.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் பாடவேளை:
போதையும் உடலும்.
மிஸ் காடொக் சீட்டு அனுப்பியிருந்தார்:
தெள்ளு இருபத்தெட்டு, காஃபீன் கரைசல்,
ஆல்கஹால் நூற்றுக்கு இரண்டு.
சொட்டுக்குழாயால் உறிஞ்சி
ஒவ்வொன்றையும் ஒரு குழிக்கண்ணாடியில் விட்டேன்.

தெள்ளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.
தின்ற பச்சை தெரியும்,
சுமக்கிற முட்டை தெரியும்,
முதுகோரம் துடிக்கிற இதயம் தெரியும்.
வாயால் எண்ணினால் பிடிபடாத வேகம். அதனால்
துடிப்புக்கு ஒரு புள்ளியாய்
தாளில் பென்சிலால் குத்தவேண்டும். பத்து நொடி.
இருபத்தெட்டுப் பென்சிலும் சேர்ந்து குத்தும்போது
தகரக் கூரையில் ஆலங்கட்டி.

காஃபீன் சொட்டு விழுந்ததும் மழை வலுத்தது.
ஆல்கஹாலுக்குத் தூறலாயிற்று.
"செத்துப்போகுமா மிஸ்?" என்றாள் இஷ்பெல்.
"நல்ல தண்ணீரில் விட்டால் தேறிவிடும்."
யாரும் வேறெதுவும் கேட்கவில்லை.

பிறகு பலகையில் நாற்காலிகள்.
ஒரு நரம்பணுவின் முதுகில் வரிசையாய்,
சாப்பாட்டுக்கூடத்து பிளாஸ்டிக் நாற்காலி போலவே.
வலி தணிக்க உடம்பே சுரப்பது
வந்து உட்காரப் போட்டவை.
ஹெராயின் வருகிறது, உட்காருகிறது,
ஒன்று விடாமல் உட்காருகிறது.
மூச்சு விடச் சொல்லவேண்டிய மூளைத்தண்டு
சொல்ல மறக்கிறது.
வலி இல்லை, பயம் இல்லை, மூச்சு இல்லை
என்று எழுதி
கடைசிக்கு மட்டும் கோடிட்டார் மிஸ் காடொக்.
அடுத்து சிவப்பு மார்க்கர்: நாலாக்சோன்.
அதுவும் அதே நாற்காலிக்குத்தான் வரும்.
இருப்பதைத் தள்ளிவிட்டு
தான் உட்காரும். வேறொன்றும் செய்யாது.
"மூச்சு திரும்பிவிடும். அவ்வளவுதான்."
மார்க்கரை மூடினார்.

"அவ்வளவு இல்ல மிஸ்."

கடைசி மேசை. ரூரி.
ஆகஸ்டில் பள்ளி திறந்ததிலிருந்து
இந்த அறையில் அவன் குரலை நான் கேட்டதில்லை.

"செவப்பு சீக்கிரம் எழுந்து போயிடும்.
அரை மணி. கூடினா ஒன்றரை.
மத்தது எங்கயும் போகாது,
அங்கேயேதான் சுத்திக்கிட்டிருக்கும்.
எடம் காலியானா திரும்ப உக்காந்துக்கும்.
முழிச்சதும் நல்லாயிட்டேன்னு சொல்லுவாங்க.
கெட்ட வார்த்தையில திட்டுவாங்க,
போடா வெளியேன்னுவாங்க.
போகக் கூடாது.
ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும்."

பேசி முடிக்கும்வரை
அவன் பென்சில் தாளில் குத்திக்கொண்டிருந்தது.
தெள்ளின் வேகமில்லை அது.
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே
நெடுநேரம் நின்றது,
நின்று, பிறகு குத்தியது.
மூச்சை எண்ணிப் பழகிய கை.

யார் அது என்று வகுப்பு கேட்கவில்லை.
பாதிப் பேருக்குத் தெரியும்.
மீதிப் பேருக்கு அவரவர் வீட்டில் ஒருவர்.

மிஸ் காடொக் பலகையைப் பார்த்தார்.
பதினாறு வருஷமாய் அதே நாற்காலிகள்.
சிவப்புக்குப் பக்கத்தில்
கோணலாய் ஒரு கடிகாரம் வரைந்தார்.
கீழே என்ன எழுதட்டும் என்று
அவனையே கேட்டார்.

"இரு," என்றான்.
அத்தனை நாற்காலிகளுக்கும் கீழே
அந்த ஒரு சொல்லை எழுதினார்.
உட்கார் என்றும் படிக்கலாம்,
போகாதே என்றும்.
உயிரோடு என்பதை
முன்னால் சேர்த்தும் படிக்கலாம்.

மணி அடித்துக் கூடம் காலியான பின்
குழிக்கண்ணாடிகளைக் கழுவப் பொறுக்கினேன்.
இருபத்தேழு.
இன்னொன்று பின்னறையில், அவன் கையில்.
நடுத்தொட்டியில் மெல்லச் சாய்த்துவிட்டு
குனிந்து நின்றான்.
எதைத் தேடினானோ, அந்தக் கூட்டத்தில்
அவனுடையது எது என்று எனக்கே தெரியாது.
ஒன்று கீழே போயிற்று,
துள்ளி மேலே வந்தது.
"அதுவா?" என்றேன்.
"இன்னும் கொஞ்ச நேரம்," என்றான்.

அடுத்த வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் பிந்திவிட்டது.
தாமதச் சீட்டில் காரணம் என்ற இடத்தில்
தெள்ளு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.