கழிவு

தம்பலகாமம் பஸ்ஸில்
சீனன்குடா எண்ணெய்க் குதங்களைக் கடக்கையில்
யன்னலை மூடிவிடுவேன்.
மணமொன்றும் வராது. பழக்கம்.

இருபத்தெட்டு வருடம்
தாளிலும் மெல்லிய ஒரு சவ்வு:
இந்தப் பக்கம் ஐதரசன்,
அந்தப் பக்கம் உப்புவெளிக் காற்று.
பிளாட்டினத்தை உப்புத் தின்னும்.
"கிழிஞ்சிட்டு மெடம்" என்பார் நிஸ்தார்,
ஒவ்வொரு முறையும் புதுச்செய்திபோல.

பெற்றோல் வரிசை கடற்கரைவரை நீண்ட வருடம்,
ஓய்வுக்கு நாலு மாதம் இருக்க,
ஊரே இருண்ட இரவில்
ஆய்வுகூட மேசையில் ஒற்றைப் பல்ப்
விடியும்வரை அணையவில்லை.

கட்டுரையில் எழுதாதது இது:
கலத்தின் கழிவுக்குழாயில் சொட்டியதை
நிஸ்தார் தேநீர்க் கிளாஸில் பிடித்தார்.
ஆளுக்கு ஒரு மிடறு.
இளஞ்சூடு.

"உப்பே இல்ல மெடம்" என்றார்,
யாரோ ஆக்கிய கறியைக்
குறை சொல்வதுபோல.