அறுபத்தோராவது செக்கன்

தம்பி பில்லைப் படமெடுத்து அனுப்பியிருந்தான்,
மொன்றியலில் இருந்து, மூன்று பக்கம்.
"பார் அக்கா, பதினாலு நாளிலை
ஒரு நாம்பன் மாட்டுக் காசு."
கீழே அழுகிற பொம்மை ஒன்று.

ஒட்டுசுட்டானில் நெல்லாலைக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
தொகை கண்டால் கூட்டாமல் விட ஏலாது.

பில்லில் இருப்பது அவனுடைய ஊர் நேரம்.
ஒன்பதரை மணித்தியாலம் கூட்டினால்தான்
எங்கள் பகல் வரும்.
முதல் வரி, விடிய மூன்று பதினேழு:
கூட்டினேன், மத்தியானம் பன்னிரண்டே முக்கால் தாண்டி
இரண்டு நிமிடம்.
அது நான்தான். சோறு ஆறுது என்று சொல்ல எடுத்தது.
நான் அடுப்படியில், அவன் கிணற்றடியில்;
மரவள்ளிக்கு மேலால் அவன் தலை தெரிந்தது.
கத்தியிருந்தால் கேட்டிருக்கும்.
என் குரலோ கோபுரம் ஏறி, கடலுக்கடியால் ஓடி,
மொன்றியலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டி,
ஆளில்லை, ஊருக்குப் போட்டான் என்று கேட்டு,
திரும்பி எங்கள் கிணற்றடிக்கு வந்தது.
போன வழிக்கு நான் கட்டினேன்.
வந்த வழிக்கு அவன்.
"கேக்கிறதுக்கும் காசோடா?"
"ஓம் அக்கா, ரோமிங்."
கதைத்தது அறுபத்தொரு செக்கன்.
கடைசிச் செக்கனில் "வாறன்" என்றான்.
அந்த ஒரு சொல்லுக்கு முழு நிமிடம்.

வட்ஸப்பில் எடுத்திருக்கலாமே என்பீர்கள்.
குளக்கட்டுப் பக்கம் அது
சுற்றிக்கொண்டே நிற்கும், சுண்டெலி மாதிரி.

பிறகு மாங்குளம் சந்தி, ஒரு நிமிடம்:
"பஸ்ஸாலை இறங்கீட்டன், எந்தப் பக்கம் திரும்ப?"
அந்தச் சந்தியில்தான் அவன் சைக்கிள் பழகியது.

அடுத்தது அவன் எடுக்காத கோல்.
ஒலித்து ஓய்ந்ததும் ஒரு பொம்பிளை
பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.
நல்ல குரல். வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இங்கே வந்த கோல் எடுக்க ஆளில்லாமல்
திரும்ப மொன்றியல் போனதாம்,
வரவுக்கொன்று, போக்குக்கொன்று,
இரண்டு தரம் எழுதியிருக்கு.

பெரிய தொகை, டேட்டா நிற்பாட்ட மறந்த ஓர் இரவு.
அவன் முற்றத்தில் பாய் போட்டு நல்ல நித்திரை.
போன் தன்பாட்டில் விழித்திருந்து
எதையெல்லாமோ புதுப்பித்துக்கொண்டிருந்ததாம்.

இனி, ஓகஸ்ட் பதினேழு.
ஐந்து நிமிடம்.
இரணைப்பாலைக்குத் தனியத்தான் போனான்.
ஆலையில் வேலை என்று நான் சொன்னேன்;
அன்று ஆலை பூட்டு.
"அக்கா, நீ சொன்ன வேம்பைக் காணேல்லை.
அப்பா எந்தப் பக்கம்?"
வீதியில் இருந்து எத்தனை எட்டு என்று
எனக்குத் தெரியும்.
வாய் வரவில்லை.
அவனும் திரும்பக் கேட்கவில்லை, வைக்கவுமில்லை.
தூரத்தே ஒரு லாண்ட்மாஸ்டர் போன சத்தம்
மொன்றியல் வரை போய் என் காதுக்கு வந்தது.
நாலு நிமிடம் இருபது செக்கன்.
கம்பனிக்கு எல்லாம் கதைதான்.

மூன்று பக்கமும் கூட்டிப் பார்த்தேன்.
பிழை இல்லை.

"கணக்குச் சரி" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மறுகிழமை புதுக்குடியிருப்புக்குப் போய்
என் அடையாள அட்டையில் ஒரு சிம் எடுத்தேன்.
அவன் அடுத்தமுறை வந்தால் போட.
எப்ப வருவான் என்று சொல்லவில்லை.
மூன்று மாதத்துக்கு ஒருக்கா
நூறு ரூபா ரீலோட் போடாவிட்டால் நம்பர் செத்துப்போகும்
என்றான் கடைக்காரப் பெடியன்.
போடுகிறேன்.

பழைய நோக்கியா ஒன்றுக்குள் அது
அலுமாரியில், சீலைகளுக்குக் கீழே கிடக்கிறது.
உயிரோடு இருக்கோ என்று பார்க்க
இடைக்கிடை எடுப்பேன்.
கடலுக்குப் போகாமல், கோபுரம் வரை போய்
அலுமாரிக்குள் ஒலிக்கும்.
எடுக்க ஆளில்லை. காசும் இல்லை.