நூற்றில் எத்தனை

ஹுஃபூஃப் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிற வேலை எனக்கு.
மணிக்கு இவ்வளவு என்று கூலி.
எந்தப் பக்கமும் சாய மாட்டேன் என்று
நீல மையில் கையெழுத்துப் போட்டவன்.

இறந்தவர் பால்வண்ணன், வயது நாற்பத்தொன்று,
தண்ணீர் லாரி ஓட்டியவர்.
ஜனவரிப் பனி, விடிகாலை நாலு நாற்பது,
தம்மாமிலிருந்து ரியாத் போன சரக்கு ரயில்.
மற்றதெல்லாம் வழக்கு.

ரயில்வே வக்கீல் முதலில் எழுந்தார்:
அந்தக் கடவை எங்களுடையதே அல்ல,
வேலியை அறுத்து வழி பண்ணியது கல்குவாரி.
ஒன்பது விநாடி ஹாரன் அடித்திருக்கிறது, பதிவு உண்டு.
ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது.

குவாரி வக்கீல்:
நாங்கள் வரும்போதே வேலி அறுந்துதான் கிடந்தது.
நிலம் அவர்களுடையது,
மூடாமல் விட்டவர்தான் திறந்து வைத்தவர்.

நகராட்சி ஆள் அனுப்பவில்லை, கடிதம் அனுப்பியது:
அப்படியொரு சாலை எங்கள் வரைபடத்தில் இல்லை.
இல்லாத அந்தச் சாலையில்
ஏழு வருடமாகத் தினம் பதினாறு லாரி.

பலகை இருந்ததா என்ற கேள்விக்கு
மூன்று புகைப்படங்கள்.
ஒன்றில் கம்பம் நிற்கிறது.
ஒன்றில் சாய்ந்திருக்கிறது.
ஒன்றில் வெறும் மணல்.
எந்தப் படம் எந்தத் தேதி என்பதிலேயே
முக்கால் மணி நேரம் போயிற்று.

பிறகு சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள்.
குவாரி முகாமின் சமையல்காரர்,
பால்வண்ணனைக் கடைசியாகப் பார்த்தவர்.
புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல்,
வெங்காய வாடை போகாத கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்றைக்குக் கடைசியாக என்ன பேசினீர்கள்?

"பிளாஸ்க்ல டீ ஊத்திக் குடுத்தேன் சார்.
பாத்துப் போண்ணேன்னு சொன்னேன்."

நான் அரபியில் சொன்னேன்:
கவனமாகப் போகும்படி அவரிடம் கூறினாராம்.

ரயில்வே வக்கீலின் பேனா மூடி திறக்கும் சத்தம்.
"ஆக, எச்சரித்திருக்கிறார்.
அங்கே ஆபத்து என்று இரண்டு பேருக்கும் தெரியும்."

பாத்துப் போ.
செருப்பு மாட்டுகிறவனிடம் சொல்வது.
ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தவனிடம் சொல்வது.
பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையிடம்,
கோபித்துக்கொண்டு போகிறவனின் முதுகிடம்.
எதையும் பார்க்கச் சொல்வதே இல்லை அது.

எழுந்தேன்.
ஐயா, எங்கள் பக்கம் அது விடைகொடுக்கிற வார்த்தை,
எச்சரிக்கை அல்ல என்றேன்.
நீதிபதி பொறுமைசாலி, முழுக்கக் கேட்டார்.
"மொழிபெயர்ப்பாளர் இந்த வழக்கில் சாட்சியா?"
இல்லை.
"சொல்லின் பொருள் கவனமாகப் போ என்பதுதானே?"
அகராதிப்படி, ஆம்.
எழுதிக்கொண்டார்கள்.

சூசைமாணிக்கம் என் முகத்தையே பார்த்தார்.
அரபியில் என்ன நடந்ததென்று
நான் தமிழில் சொல்லவில்லை.
அது என் வேலைதான். சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து எண்கள் வந்தன:
ஓட்டுநர் எழுபத்தைந்து. குவாரி இருபத்தைந்து.
ரயில்வே பூஜ்யம். நகராட்சி பெயரே இல்லை.
கூட்டிப் பார்த்தேன், நூறு சரியாக வந்தது.
இன்னொருவருக்கு அதில் இடம் மிச்சமில்லை.

கடையநல்லூருக்குப் போன் போட்டேன்.
பின்னால் குக்கர் விசில், யாரோ குழந்தையை அதட்டுகிற குரல்.
நூற்றுக்கு எழுபத்தைந்து என்று ஆரம்பித்ததும்
இசக்கியம்மாள் அவசரமாகக் கேட்டாள்:
"எழுபத்தஞ்சு நமக்கா சார்?"

ஆமாம்மா, நமக்கு
என்றுதான் முதலில் வாயில் வந்தது.
பிறகுதான் தப்பு என்கிற சொல்லைச் சேர்த்தேன்.
கிடைக்கப்போவது கால் பங்கு இழப்பீடு என்றேன்.
அவள் குக்கரை அணைத்துவிட்டு வந்து
மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

தீர்ப்பு நகல் வாங்க வந்த அன்று
லிஃப்ட் வாசலில் சூசைமாணிக்கம்.
யாரோ அவருக்கு எல்லாம் சொல்லியிருக்க வேண்டும்.
இருவரும் ஒன்றாகத்தான் கீழே இறங்கினோம்.
வெளியே புழுதிக்காற்று, எதிர்க் கட்டடம் தெரியவில்லை.
நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

"சார், பா..." என்றார்,
உதட்டை மடித்துக்கொண்டார்.

"சரி சார்."