அடித்தல் ஒன்று, திருத்தல் இல்லை

அக்டோபர் இரண்டு, காலை பதினொன்று.
ரேஷன் கடைக்குப் பக்கத்து நூலகத்தில்
கிராம சபை கூடியது என்று எழுதினேன்.
கூடவில்லை, மழைக்கு ஒதுங்கியது.
வருகை அறுபத்திரண்டு. அதில் பாதிப் பேர்
நூறு நாள் வேலைக் கூலி எப்போது என்று கேட்க வந்தவர்கள்.

பொருள் நான்கு:
செம்மண் மேட்டில், சர்வே எண் நூற்றுப் பதினான்கில்,
இருபத்திரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பைப்
புதிய சிறைச்சாலைக்கு ஒப்படைக்க
ஆட்சேபணை இல்லை எனத் தீர்மானிக்கலாமா.

தாலுகா ஆபீஸ்காரர் வரைபடத்தை விரித்தார்.
சுருண்டுகொண்டது.
ஒரு முனையில் என் ஸ்டாம்ப் பேடையும்
மறுமுனையில் மாலை போட்டிருந்த காந்தி படத்தையும் வைத்தார்.
வடக்கு மதில் காந்திக்கு அடியில் போயிற்று.

"கேப்பர் மலையில இருக்கறது நிரம்பி வழியுதுங்க.
ஒருத்தன் புரண்டு படுக்கணும்னா
பக்கத்துல இருக்கறவனும் புரளணும்."
அவர் மட்டும் சிரித்தார்.

நான்காம் வார்டு அஞ்சாபுலி எழுந்தார்:
"பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு ரூம் கேட்டு ஒன்பது வருசம்.
அந்த ஃபைல் இன்னும் நடந்து வந்துக்கிட்டிருக்கு.
ஜெயில் ஃபைல் ஜீப்புலயே வந்துருச்சே."

"ஜெயிலுக்குப் பக்கத்து ஊருன்னா
எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார் சம்பூரணம்.
"இப்ப மட்டும் வரிசையில நிக்கறானா?"
பின்னாலிருந்து ஒரு குரல். பெயர் தெரியவில்லை, எழுதவில்லை.

தேசிங்கு மெதுவாகத்தான் எழுந்தார்.
முப்பத்தோரு வருடம் வார்டர்.
இன்றும் ஸ்கூட்டர் சாவியை அரைஞாணில்தான் கோத்திருக்கிறார்.
"நானூறு பேரு. ஆளுக்கு மூணு வாளி. எத்தனை ஆச்சு?"
என் பேனா தானாக ஓரத்தில் பெருக்கியது.
"நமக்குக் குழாயில மூணு நாளைக்கு ஒருக்கா.
அவனுக்குத் தினமும் விட்டாகணும், சட்டம்."
கொஞ்சம் நிறுத்தினார்.
"விடறதில்ல. ஆனா சட்டம்."

எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர்.
இரண்டு முறை எண்ணினேன். அறுபத்தொன்று.
ஆதரவு? ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

சுவரோரம், செய்தித்தாள் மேசைக்குப் பின்னால்,
பச்சையம்மாளின் கை.
"மனு பாக்கச் சௌரியமா இருக்கும்."
"மனுவா? குடும்மா, கலெக்டருக்கு அனுப்பிடலாம்."
தலைவர் கையை நீட்டினார்.

தேசிங்கு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.
அவருக்குத் தெரிந்த மனு அது.
பெயர் கொடுத்து, விரல் பதித்து, காத்துக் கிடந்து,
கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று
இருபது பேர் கத்தும் கத்தலுக்குள்
தன் பிள்ளையின் குரலைப் பொறுக்கி எடுப்பது.

"வேலூருக்கு மூணு பஸ்ஸு," என்றாள்.
"இங்க இடமில்லன்னு அங்க மாத்திட்டாங்க."

அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று
இரண்டு தீபாவளியாக நம்பிவந்த அறுபத்தொரு பேரும்
நானும்
மழையைக் கவனித்தோம்.

ஆதரவு: ஒன்று.
எழுதிவிட்டு நிமிர்ந்தால்
கை இன்னும் மேலேதான் இருந்தது.
"கட்டி முடிக்க எத்தனை வருசமாகும் சார்?"
"நிதி வரணும், டெண்டர் விடணும்...
அஞ்சாறு ஆகும்மா."

உதடு அசைய எதையோ கழித்தாள்.
"அவன் மூணரையில வந்துருவான்," என்றாள்.
"அப்ப எனக்கும் வேணாம்."

ஒன்றை அடித்தேன்.
அறுபத்தொன்றை அறுபத்திரண்டாக்க மனம் வரவில்லை.
"ஒருமனதாக" என்று போட்டுவிட்டால்
எண்ணே வேண்டாம். விதி அப்படி.
அடித்த இடத்தில் மட்டும் சுருக்கொப்பம் வேண்டும்,
இல்லையென்றால் தணிக்கையில் கேட்பார்கள்.
யாருடையது என்று அவர்கள் கேட்பதில்லை.
என்னுடையதைப் போட்டேன்.

காந்தி படத்தை எடுத்ததும்
வரைபடம் பழையபடி சுருண்டது.
அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவர் ஜீப்புக்கு ஓடினார்.

பொருள் ஐந்து: தெருவிளக்கு.