நான்காவது வரி

பலகையின் அளவு இரண்டடிக்கு மூன்றடி.
ஆங்கிலம் மேலே, பிறகு சீனம், மலாய்.
அடியில் எங்களுக்கு விட்ட இடம்
ஒரு ரொட்டித் துண்டின் அகலம்.
"உங்கள் எழுத்து ரொம்ப நீளம், சுருக்க முடியுமா?"
பதினொரு வருடமாகக் கேட்கிறார் மிஸ்டர் கோ.
குரங்குக்கு உணவு கொடுக்காதீர்: சுருக்கினேன்.
பாதை வழுக்கும்: அது பிறந்ததே சுருக்கம்.

இந்த முறை மான்.

கடமான் என்று எழுதலாம்.
பெயரிலேயே 'கட' என்று ஏவல் இருப்பதைச்
சாலையோரம் மாட்டப் பயமாயிருந்தது.
மிளா. இரண்டெழுத்து. கோவுக்குப் பிடிக்கும்.

மண்டாய் சாலைக்கு இந்தப்புறம் எங்கள் நிலையம்.
ஒரு கூடம், ஒரு தண்ணீர்க்குழாய்,
பள்ளிப் பிள்ளைகள் தடவித் தடவி
வால் மழுங்கிப்போன அழுங்கு பொம்மை.
மாதத்தில் இரண்டு நாள்
கயிறு பிடித்துக் காட்டுக்குள் போய்ப்
புழுக்கை எண்ணுவேன்:
உலர்ந்தது, ஈரம், இன்று காலையது.
குவியலுக்கு ஒரு கோடு.
கோடுகளிலிருந்து மான்களை வரவழைக்கும் கணக்கு
சியூ லெங்குக்குத்தான் தெரியும்.

கூட்டத்தில் முதலில் பேசியதும் அவள்தான்.
வேலியிட்ட சதுரத்தில் முழங்கால் உயரக் கன்றுகள்
நாற்பத்தொன்று.
வேலியில்லாததில் மூன்று,
மூன்றும் நுனி கடிபட்டவை.
"பெரிய மரம் விழுந்தால்
அந்த இடத்தில் எழ ஆளில்லை" என்றாள்.

முத்துத்தோடு போட்ட ஒரு பெண்மணி எழுந்து
கருத்தடை ஊசி என்றார், உயரமான வேலி என்றார்,
காட்டை அறுத்துச் சாலை போட்டது
மானா என்று கேட்டார்.
கைதட்டல். நானும் தட்டினேன்.

பின்வரிசையில் ஹைருல்.
நள்ளிரவுக்கு மேல் யாருக்கோ நூடல்ஸ் கொண்டுபோனவன்.
இடது முழங்காலில் இன்னும் கம்பி.
இழப்பீடு கேட்பான் என்று காத்திருந்தோம்.
"அது எழுந்து போச்சா?"
அவ்வளவுதான் கேட்டான்.
மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
எனக்குத் தெரியும்.
மறுநாள் கயிற்றோடு போனவள் நான்.
சொல்லவில்லை.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள்.
நான் தூக்கினேன்,
முதல் ஆளாக அல்ல.

வியாழனுக்குள் தமிழ் வேண்டும்.
மேலேயிருந்து வந்த ஆங்கிலச் சொல்
கார் நிறுத்தத்துக்கும் பொருந்தும்,
கழிவுநீருக்கும் பொருந்தும், மானுக்கும்.
மேசையில் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.
மேலாண்மை: மேலே இருந்து ஆள்வது, சரி.
கட்டுப்படுத்தல்: கட்டவா போகிறோம்.
குறைத்தல்: காப்பியில் சர்க்கரை மாதிரி.
களையெடுத்தல்.

இதில் கொஞ்சநேரம் நின்றேன்.
களை, பயிரின் பகை.
களை, முகத்தில் தெரிவதும்.
பிப்ரவரியில் கேமராவில் விழுந்த பெண்மிளா,
விடிகாலை நாலு இருபது,
வலக்காது கிழிந்திருந்தும்
அப்படியொரு களை.

யாரும் சரிபார்க்கப் போவதில்லை.
இந்த அலுவலகத்தில் தமிழ் நான் மட்டும்.
எதை எழுதினாலும் நன்றி என்பார் கோ,
எழுத்தைச் சிறிதாக்குவார்.
கை தூக்கியவள் நான்;
தூக்கிய கை எதற்கென்று
எங்காவது ஒரு வரியில் இருக்கட்டும்.

பலகை மாட்ட வந்தான் வீரக்குமார்,
அறந்தாங்கிப் பக்கம்.
வாயில் இரண்டு திருகாணி, கையில் டிரில்.
சீனத்தைத் தாண்டி, மலாயைத் தாண்டி
அவன் கண் இறங்குவதைப் பார்த்தேன்.
அச்சாகி வந்தபின் அதைப் படித்த
முதல் ஆள்.

மிளாக்களில் சில கொல்லப்படும்.
இரவில் பாதை மூடியிருக்கும்.

திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினான்.
"அக்கா, மேல இருக்குற மூணுலயும்
இப்படியேதான் போட்டிருக்கா?"

தள்ளி நின்று மட்டம் பார்த்தேன்.
இடப்பக்கம் தாழ்ந்திருந்தது.
"கொஞ்சம் ஏத்து" என்றேன்.