அறைந்தது யார்

நித்திலனின் இரண்டு கன்னமும்
யாரோ அறைந்த மாதிரி இருந்தது.
கருத்த பிள்ளை; அதையும் மீறிச் சிவப்பு.
"யாருடா அடிச்சது?" என்றேன்.
சிரித்தான்.
சத்துமாவு உருண்டை இன்னொன்று கேட்டான்.

சாயங்காலம் அங்கன்வாடியைப் பூட்டிக்கொண்டு
குடமுருட்டிக் கரையோடு நடந்துபோய்
அவன் அப்பனிடம் சண்டை போட்டேன்,
ஐந்து மாத வயிற்றோடு.
அறுவடை மெஷினுக்கடியில் படுத்திருந்த செங்குட்டுவன்
எழுந்து கிரீஸ் கையைத் தூக்கிக் காட்டி
"இந்தக் கையால அவனத் தொட்டதில்ல டீச்சர்" என்றான்.
நான் நம்பவில்லை.

அந்த வாரம்தான் பதினெட்டாம் பெருக்கு.
ஆற்றுக்கும் மசக்கை என்று
காதோலை கருகமணி விட்டோம்.
புளிச்சோறு அதற்கொரு கை, எனக்கொரு கை.
உள்ளே ஒரு கால் உதைத்தது.
புளி பிடித்திருக்கும்.

ஆவணிக் கடைசியில் உதை நின்றது.
கும்பகோணம் ஆஸ்பத்திரியில் டாக்டர்
ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
ரத்தம் வற்றி
உடம்பெல்லாம் நீர் கோத்த பிள்ளை.
எழுநூற்றுப் பத்து கிராம்.
பெண்.
ரிஜிஸ்டரில் பெயருக்கான கட்டத்தில்
நர்ஸ் ஒரு கோடு போட்டார்.
கோடு நேராக வரவில்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
பப்பாளி. உச்சிவெயில். கிரகணத்தன்று அரிவாள்மணை.
என் வீட்டுக்காரருக்கு வலங்கைமான் ரோட்டுப் பள்ளம்;
பைக்கை விற்றுவிட்டார்.
மூன்றாம் நாள் பால் மட்டும்
யாரையும் விசாரிக்காமல் வந்தது.

நஞ்சுக்கொடியைத் தஞ்சாவூருக்கு அனுப்பியிருந்தார்கள்.
சம்பா நடவு முடிந்தபின் காகிதம் வந்தது.
பார்வோ வைரஸ்.
"அது நாய்க்குத்தானே வரும்?"
"இது வேற. மனுஷப் பிள்ளைங்களோடது.
கன்னம் சிவந்த பிள்ளை யாரையாச்சும் தூக்குனீங்களா?"
நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்,
கன்னம் சிவக்கும்போது அது கிளம்பிப் போயிருக்குமாம்.
ஒரு வாரம் முன்னால்,
வெறும் மூக்கொழுகலாக இருக்கும்போதுதான் ஒட்டுமாம்.

ஒரு வாரம் முன்னால்
முந்தானையால் துடைத்துவிட்டேன்.
அதுகூட அவன் கேட்கவில்லை.

செங்குட்டுவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.
சொன்னால்
அந்த வீட்டில் இதுவரை விழாத அடி
விழுந்துவிடுமோ என்று
காகிதத்தை அரிசி டின்னுக்கடியில் வைத்திருக்கிறேன்.

இன்று முட்டை நாள்.
கடைசியாக வந்து நிற்கிறான்.
மழை பிடித்ததிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் சளி.
ஒரு கையில் அவன் முட்டை, பாதி உரித்தது.
மற்றக் கை
முந்தானையைத் தேடிப் போய்விட்டது.