பத்து விநாடி

இக்னாட்சி சிவப்பு அட்டையை வைக்கிறான். நில்.
அதன் பக்கத்தில் மூன்று இஸ்பேட்டு.
இனிப் பத்து விநாடிக்கு நான் பேசக் கூடாது.
எப்படியும் இங்கே யாரும் வாய் திறப்பதில்லை,
பெட்டியிலிருந்து எடுக்கும் அட்டைகள்தான் பேச்சு.

தோருன் நகரம். தபால் ஊழியர் சங்கத்தின் நிலவறை.
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
மேலே விஸ்துலாவில் பனிப்பாளங்கள் உரசிக்கொள்வது
இங்கே கேட்காது. ஹீட்டர் குழாய் முனகுவது கேட்கும்.

ஒன்று.
லுபோமிர் தொடங்கியது ஒரு கிளாவர்.
எங்கள் நாட்டு முறையில் அதற்கு மூன்று முகம்:
பதின்மூன்று புள்ளியோடு சாதுவான கையாக இருக்கலாம்,
கிளாவர் மண்டிய நல்ல கையாக இருக்கலாம்,
மேசையையே தூக்கிவிடும் கையாகவும் இருக்கலாம்.
எந்த முகம் என்று அடுத்த சுற்றில் சொல்லுவார்.
அடுத்த சுற்றைத்தான் இந்தப் பையன் தின்றுவிட்டான்.

இரண்டு.
ஒரு கிளாவருக்கும் மூன்று இஸ்பேட்டுக்கும் நடுவே
பன்னிரண்டு படிகள். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கி
என்னிடம் இது, உன்னிடம் எது என்று
கேட்டுக் கேட்டு ஏறியிருப்போம்.
அவன் ஏணியை மேலே இழுத்துக்கொண்டான்.
பலத்தால் அல்ல,
ஏழு இஸ்பேட்டும் இருபத்திரண்டு வயதும் இருப்பதால்.
பலகையில் அவர்கள் பக்கம் சிவப்பு வேறு,
விழுந்தால் அபராதம் இரட்டிப்பு.

நான்கு. மூன்றை எங்கோ தவறவிட்டேன்.
என் கையில் பத்துப் புள்ளி.
ஆர்ட்டின் நான்கு, ராஜாவும் ராணியும் அடுத்தடுத்து.
டைமன் ஐந்து, ஏஸ் முன்னால்.
கிளாவரில் பத்தும் ஆறும்.
இஸ்பேட்டில் எட்டும் மூன்றும்,
வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள்.
நான்கு டைமன் கேட்டால் ஆர்ட்டின் புதைந்துபோகும்.
நோ டிரம்ப் கேட்க, இஸ்பேட்டுக் கதவில்
ஒரு தாழ்ப்பாள்கூட என்னிடம் இல்லை.
பாஸ் போட்டு வீட்டுக்குப் போய் விடிய விடிய விழித்திருக்கலாம்.

ஆறு.
டபுள் இருக்கிறது.
அதற்கு என்ன பொருள் என்று
ஒன்றாம் நம்பர் டிராமில் சண்டை போட்டு
இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி
மூன்று நிறுத்தம் போயிருக்கிறோம்.
'அடி' என்றார் அவர். 'பேசு' என்றேன் நான்.
கடைசியில் மருந்துக்கடை ரசீதின் முதுகில் அவரே எழுதினார்:
நான்கு ஆர்ட்டின் வரை, டபுள் என்றால் பேசு.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
பேசப் பிடிக்காவிட்டால் உட்கார்.

எட்டு.
முகத்தை வைத்திருப்பதுதான் கஷ்டம்.
யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும்
யோசிப்பவள்போல் இருக்க வேண்டும், விதி அப்படி.
அப்போதே முடிவெடுத்தவளும்
ஒன்றும் புரியாதவளும்
ஒரே முகத்தோடு அட்டைகளைப் பார்க்க வேண்டும்.
இருபது வருடம் பல் டாக்டர் நான்.
இந்த முகம் என்னிடம் நிறைய இருக்கிறது.

பத்து.
டபுள்.

செலினா பாஸ்.
லுபோமிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார்,
பச்சை அட்டையை எடுத்து வைத்தார்.

பாஸ்.
ரசீதின் கடைசி வரியா,
ரசீதையே மறந்துவிட்டாரா?
தெரியாது. மேசையில் கேட்கவும் கூடாது.

ஆர்ட்டின் ராஜாவை இறக்கினேன்.
செலினா கையை விரித்தாள்: ஒற்றை இஸ்பேட்டு, நாலு.
இக்னாட்சி அதைத் தன் ராஜாவிடம் அனுப்ப
லுபோமிரின் ஏஸ் அமைதியாக வந்து விழுந்தது,
அதன் பின்னால் இன்னும் இரண்டு இஸ்பேட்டு.
எங்கள் ஐந்தாவது பிடி வந்து சேரக்
கடைசிக் கிளாவர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.
ஒன்று குறைந்தது. இருநூறு.

'ரசீது?' என்றேன், உதடு அசையாமல்.
'எந்த ரசீது?' என்றார்
இஞ்சி பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தபடி.
சிரிக்கவில்லை. அவர் ஸ்லாம் அடித்தால்தான் சிரிப்பார்.
ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

இக்னாட்சிக்கு வருத்தமே இல்லை.
அடுத்த பலகை. கையைப் பிரித்தான்,
ஒருமுறைதான் பார்த்தான்,
அதற்குள் அவன் விரல் போய்விட்டது
சிவப்பு அட்டையிடம்.